பெடங்கிள் என்பது எந்தக் காம்பு?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெஸ்தாரி ஜெயாவிலிருந்து, பழைய பெயரில் சொன்னால் பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து, ஆறாம் படிவ உயிரியல் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். பூக்கொத்தின் காம்புக்குப் பெடங்கிள் என்று பாடநூலில் படித்தாராம். மீனின் வாலுக்கு முன்னால் ஒடுங்கும் பகுதிக்கும் அதே பெயர் இருக்கிறது; மூளையின் படத்திலும் இருக்கிறது. இப்போது பாட்டியின் கொலனோஸ்கோப்பி (பெருங்குடலின் உட்புறத்தைக் கருவி விட்டுப் பார்க்கும் சோதனை) அறிக்கையில் 'பெடங்குலேட்டட் பாலிப்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இவை எல்லாம் ஒன்றா, வேறு வேறா, தேர்வில் எப்படி எழுதுவது, பாட்டியின் அறிக்கையை எப்படிப் புரிந்துகொள்வது என்பவை அவருடைய கேள்விகள்.

இவை வேறு வேறு. உடலமைப்பியலில் இத்தகைய சொற்கள் ஓர் உறுப்பு எதிலிருந்து தோன்றியது என்பதைச் சொல்வதில்லை. அது எப்படி அமைந்திருக்கிறது என்பதை மட்டுமே சொல்கின்றன. பருத்த ஒரு பகுதி, ஒடுங்கிய இன்னொரு பகுதியின் வழியாக உடலோடோ, கிளையோடோ, பாறையோடோ பொருந்தியிருந்தால், அந்த ஒடுங்கிய பகுதிக்குப் பெடங்கிள், பெடிசெல், பெடிக்கிள் என்று, லத்தீனில் 'சிறிய கால்' எனப் பொருள்படும் பெயர்களுள் ஒன்றை உயிரியலாளர்கள் வைத்துவிடுகிறார்கள். ஆகவே, பெயர் ஒன்றாக இருப்பதைக் கொண்டு உறவு கற்பிக்கக் கூடாது. அந்தக் காம்பு எதை எதோடு இணைக்கிறது, அதன் உள்ளே என்ன செல்கிறது, எந்த இடத்தில் அது அறுந்து பிரிகிறது என்று ஒவ்வொரு முறையும் கேட்டுப் பாருங்கள். மனப்பாடம் செய்த வரையறையைவிட இந்தக் கேள்விகள் அதிகம் உதவும்.

உங்கள் அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள், அங்கிருந்தே தொடங்குகிறேன். மலாயாவில் செம்பனை முதன்முதலாக வணிக நோக்கில் 1917-இல் நடப்பட்டது உங்கள் ஊர்ப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் என்பதால், இந்தப் பாடத்தை அங்கே தொடங்குவது பொருத்தமும்கூட. செம்பனைக் குலை, மட்டையின் அடிப்பகுதிக்கும் மரத்துக்கும் நடுவே இறுகச் செருகியிருக்கும். குலையைத் தாங்கும் மட்டையை முதலில் வெட்டித் தள்ளிவிட்டு, பிறகு அரிவாளால் குலையின் அடியை அறுக்கிறார்கள் அல்லவா, அப்போது அறுபடுவதுதான் தாவரவியலார் சொல்லும் பெடங்கிள். வெட்டிய குலை ஒன்றைத் திருப்பி அதன் அடிக்கட்டையை உற்றுப் பாருங்கள். வெளிறிய, ஈரமான வெட்டுமுகம் முழுவதும் நார்க்கற்றைகளின் முனைகள் புள்ளி புள்ளியாகச் சிதறித் தெரியும், வளையமாக அடுக்கப்பட்டிருக்காது. ஒருவித்திலைத் தாவரத்தின் கடத்துதிசு எப்படி இருக்கும் என்று பாடநூல் படம் வரைந்து காட்டுவதை அந்தக் கட்டையில் கண்ணாலேயே பார்த்துவிடலாம். முதிர்ந்த மரத்தில் பெரும்பாலும் 10 முதல் 25 கிலோ வரை எடையுள்ள ஒரு குலைக்கு வேண்டிய நீரும் சர்க்கரையும் அந்தக் கற்றைகள் வழியாகத்தான் சென்றிருக்கின்றன.

மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதற்கு அடுத்தது. முதல் பூக்கிளை தோன்றும் இடத்தோடு பெடங்கிள் முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே குலையின் நடுவில் செல்லும் தண்டின் பெயர் ரேக்கிஸ், அதாவது மஞ்சரி அச்சு. அதிலிருந்து முள்நுனியோடு கிளைப்பவை கதிர்க்கிளைகள். பழங்கள் அந்தக் கதிர்க்கிளைகளில் நேரடியாகப் பதிந்திருக்கின்றன. ஒரு தனிப் பூவையோ பழத்தையோ தாங்கும் சிறுகாம்புக்குப் பெடிசெல் என்று பெயர். செம்பனைப் பழத்துக்கு அப்படி ஒன்று இல்லாததால் அதைக் காம்பிலி என்று சொல்கிறோம். பழுத்த பழம் தானாகக் கழன்று கீழே விழுவது அந்தப் பதிவிடத்தில் ஓர் உதிர்படலம் உருவாவதால்தான். கீழே கிடக்கும் உதிரிப் பழத்தைப் பார்த்துக் குலை வெட்டும் பருவத்தை முடிவு செய்யும் உங்கள் அப்பா, தாவரவியலார் உதிர்தல் என்று எழுதும் நிகழ்வைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்கிறார். ஆனால் குலையின் பெருங்காம்பு அப்படித் தானாகக் கழல்வதில்லை. அதை வெட்டித்தான் ஆக வேண்டும். ஒரே குலையில் ஓரிடம் தானே பிரிகிறது, இன்னோரிடம் பிரிவதில்லை. எந்த இடத்தில் அறுந்து பிரிகிறது என்ற மூன்றாவது கேள்வியை நான் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆலையில் காம்பு நீளம் பார்க்கப்படுவதையும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 5 சென்டிமீட்டருக்கு மேல் காம்பு நீண்டிருக்கும் குலையை மலேசியச் செம்பனை வாரியத்தின் தர விதிகள் நீள்காம்புக் குலை என்று தனியாக வகைப்படுத்துகின்றன. அந்தக் கட்டையில் எண்ணெய் இல்லை, எடை மட்டும் உண்டு. ஆலைக்குள் போன பிறகு பழத்திலிருந்து வடியும் எண்ணெயில் ஒரு பங்கை அது உறிஞ்சியும் கொள்ளும். அதனால்தான் குலையை வெட்டிப் போட்ட பிறகு காம்பை மறுபடியும் ஒட்ட நறுக்குகிறார்கள்.

இலைக்காம்பு இதிலிருந்து வேறானது. அதன் பெயர் பெட்டியோல். செம்பனை மட்டையில் ஓலைகள் தொடங்குவதற்கு முன்னால் முள்ளோடு இருக்கும் தடித்த பகுதி அது. ரப்பர் மரத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். நீண்ட ஒரு காம்பின் நுனியில் மூன்று சிற்றிலைகள், ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு குறுங்காம்பு, அவை மூன்றும் கூடுமிடத்தில் தேன் சுரக்கும் சிறு சுரப்பிகள் என்று ஒரே இலையில் அத்தனையும் இருக்கும். ரப்பர்த் தோட்டத்தில் நோய் பார்ப்பவர்கள் காம்பை எப்படிப் படிக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. சாம்பல் நோய் தாக்கிய இளந்தளிரில் சிற்றிலைகள் மட்டும் ஒவ்வொன்றாக உதிர, காம்புகள் கிளையிலேயே சில நாள் நின்று, மரம் துடைப்பக் குச்சிகளைச் செருகி வைத்தது போலத் தெரியும். பைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிர் தாக்கினாலோ இலை பச்சையாக இருக்கும்போதே காம்போடு சேர்ந்து விழும். விழுந்த காம்பில் கருத்த ஒரு புண்ணும், அதன் நடுவே உறைந்துபோன ஒரு துளிப் பாலும் இருக்கும். இலை எந்த மூட்டில் பிரிந்தது என்பதைக் கொண்டே நோய் எது என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

காம்பு என்றால் மெலிந்துதான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. முந்திரிப் பழம் என்று நாம் கடித்துச் சாறு உறிஞ்சுவது உண்மையில் பூவின் காம்பும் பூத்தளமும் பருத்துச் சதையானது. உண்மையான கனி, கீழே தொங்கும் கொட்டைதான். சில நூல்கள் அந்தச் சதையைப் பெடங்கிள் என்றும் சில பெடிசெல் என்றும் எழுதுகின்றன. அது தனிப் பூவைத் தாங்கியது என்பதால் பெடிசெல் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. நிலக்கடலையில் நடப்பது இன்னும் வியப்பானது. பூ வாடிய பிறகு சூலகத்தின் அடியில் ஒரு காம்பு புதிதாக வளரத் தொடங்கி, நுனியில் சூலகத்தைச் சுமந்தபடி கீழ்நோக்கிச் சென்று மண்ணுக்குள் நுழைகிறது. காய் பிடிப்பது அதற்குப் பிறகுதான். அது பூவுக்குள்ளிருந்து சூலகத்தைத் தாங்கும் காம்பு என்பதால் அதற்குக் கைனோபோர் என்று வேறு பெயர் உண்டு. டுரியானில் பார்க்க வேண்டியது காம்பின் நடுவே உள்ள கணுவை. பழம் முதிர்ந்ததும் அந்தக் கணுவில்தான் காம்பு பிரிகிறது. பழம் தானாக விழும்வரை காத்திருக்கும் நம் ஊர் வழக்கத்தில் காம்பு அங்கே இயல்பாகக் கழன்றிருக்கும். மரத்திலேயே வெட்டி இறக்கிய பழத்தில் கத்தி பட்ட தடம் இருக்கும்.

காளானின் தண்டுக்கும் பெரணி மட்டையின் அடிக்காம்புக்கும் பெரிய கடற்பாசிகளின் தண்டுக்கும் ஸ்டைப் என்று பெயர். பனை இனங்களின் கிளையற்ற அடிமரத்தையும் சிலர் அப்படி அழைப்பதுண்டு. இவற்றுள் காளானைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஆலைக்கு வெளியே குவிந்திருக்கும் வெறுங்குலையில் முளைக்கும் செண்டாவான் சாவிட் என்னும் காளானை எடுக்கப் போகிறவர்கள் குடையைப் பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது. தண்டில் வளையம் இருக்கிறதா, அடியில் பை போன்ற உறை இருக்கிறதா என்று அடிவரை தோண்டிப் பார்க்க வேண்டும். அந்தக் காளானுக்கு அடியில் உறை உண்டு, தண்டில் வளையம் இல்லை. புல்வெளிகளில் பெரிய வெள்ளைக் குடையாக முளைத்து, முதிரும்போது அடிச்செதில்கள் பச்சையாகும் நச்சுக் காளானுக்கோ தண்டில் வளையம் உண்டு, அடியில் உறை இல்லை. இந்த இரண்டு அடையாளங்கள் மட்டும் போதும் என்று யாரும் கொள்ள வேண்டாம். கொடிய நச்சுக் காளான்கள் சிலவற்றுக்கும் அடியில் உறை உண்டு. தெரிந்தவர் காட்டாத காளானைச் சமைக்காதீர்கள்.

விலங்குகளுக்கு வருவோம். மிதக்கும் மரக்கட்டைகளிலும் கப்பலின் அடியிலும் ஒட்டி வளரும் காம்புடைய கொட்டலசுக்கும் (ஆங்கிலத்தில் பார்னக்கிள்) ஒரு பெடங்கிள் உண்டு. பார்க்கப் பூங்கொத்தின் காம்பைப் போலவே இருந்தாலும், உண்மையில் அது அந்த உயிரியின் தலையின் முன்பகுதி நீண்டு வளர்ந்தது. இளம் பருவத்தில் நீந்தித் திரியும் அது, தன் உணர்கொம்புகளை ஒரு பரப்பில் ஊன்றிப் பசை சுரந்து ஒட்டிக்கொண்டு, அதன் பிறகு தலைகீழாகவே வாழ்கிறது. காம்பைப் பிளந்து பார்த்தால் உள்ளே பசைச் சுரப்பிகள் இருக்கின்றன, சூலகமும் இருக்கிறது. சார்ல்ஸ் டார்வின் 1846 முதல் 1854 வரை இந்தக் கொட்டலசுகளோடுதான் மல்லுக்கட்டினார். காம்புள்ள கொட்டலசுகளைப் பற்றிய அவருடைய நூல்கள் 1851-இல் வெளிவரத் தொடங்கின. தாவரத்தின் காம்பில் நீர் ஓடுகிறது, இதன் காம்பில் முட்டை உருவாகிறது. பெயர் மட்டும் ஒன்று.

இறாலில் இரண்டு வகைக் காம்புகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உணர்கொம்பின் அடியில் உள்ள தடித்த கணுக்களைச் சேர்த்துப் பெடங்கிள் என்பார்கள். இனம் அறிவதற்கு அவற்றின் நீளத்தை அளப்பதுண்டு. கண்ணைத் தாங்குவது கண்காம்பு. கோலா சிலாங்கூரிலிருந்து வரும் புலி இறாலை அடுத்த முறை வாங்கும்போது, கண் எப்படி ஒரு குட்டையான, அசையக்கூடிய காம்பின் மேல் அமர்ந்திருக்கிறது என்று விரலால் தள்ளிப் பாருங்கள். அந்தக் காம்பு கண்ணைத் தாங்குவதோடு நிற்கவில்லை. முட்டை முதிர்வதைத் தடுத்து வைக்கும் ஒரு ஹார்மோன் அதற்குள்தான் உருவாகிறது. கண்காம்பை நீக்கினால் சூலகம் விரைந்து முதிர்கிறது என்று 1943-இல் பிரான்ஸைச் சேர்ந்த பானூஸ் காட்டினார். இறால் குஞ்சு பொரிப்பகங்களில் தாய் இறாலின் ஒரு கண்காம்பை நீக்கும் பழக்கம் அந்த அறிவிலிருந்து வளர்ந்தது. விலங்கைத் துன்புறுத்தும் செயல் என்று அதற்கு இன்று எதிர்ப்பு இருக்கிறது. அந்த எதிர்ப்பு நியாயமானது என்றே நான் கருதுகிறேன். காம்பு என்றாலே வெறும் தாங்கி என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக வலுவான சான்றும் இதுதான்.

மீனின் வால் பெடங்கிள் என்பது குதத்துடுப்பு முடியும் இடத்துக்கும் வால்துடுப்பு தொடங்கும் இடத்துக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய உடற்பகுதி. அது எந்த உறுப்பையும் தொங்கவிடவில்லை. முதுகெலும்பும் தசையும் நாண்களும் அதன் வழியே சென்று உடலின் விசையை வால்துடுப்புக்குக் கடத்துகின்றன. தொங்கோல் மீனில் இது மிகவும் மெலிந்து, இரு பக்கமும் மேடு தட்டி இருக்கும். இடைவிடாமல் விரைந்து நீந்தும் மீனுக்கு அந்த வடிவம் பொருந்துகிறது. செஞ்சாரு மீனைக் கழுவும்போது கையில் உரசும் கெட்டியான தகட்டு வரிசை இந்தப் பகுதியில்தான் மிகவும் பெரிதாக இருக்கிறது. பாறையிடுக்கில் பதுங்கி, இரை வரும்போது சட்டென்று பாயும் கெராப்பு மீனில் இதே பகுதி தடித்து உயர்ந்திருக்கிறது. ஆகவே தேர்வில் இதை 'வாலின் காம்பு' என்று எழுதிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எல்லையைச் சொன்னால்தான் விடை முழுமையாகும்.

பூச்சிகளில் சொற்கள் இடம் மாறுகின்றன. தாவரத்தில் இலைக்காம்பாக இருந்த பெட்டியோல், எறும்பில் இடுப்பாகிவிடுகிறது. தோட்டத்தில் இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் கெரெங்காவுக்கு, அதாவது நம் செம்முசிறுக்கு, இடுப்பில் ஒரே ஒரு கணுதான், நெருப்பெறும்புக்கு இரண்டு. குடல், நரம்பு எல்லாம் அந்த நூலளவு இடுக்கின் வழியாகவே செல்ல வேண்டும். அதற்குக் கைமாறாக எறும்பும் குளவியும் வயிற்றை எந்தப் பக்கமும் வளைத்துக் கொட்டவோ அமிலம் பீய்ச்சவோ முடிகிறது. பெடிசெல் என்பது சிலந்தியில் முன்னுடலையும் வயிற்றையும் இணைக்கும் ஒடுங்கிய பகுதி. பூச்சியிலோ உணர்கொம்பின் இரண்டாவது கணு. கொசுவில் அந்தக் கணு உருண்டு பருத்திருக்கும். அதற்குள் 1855-இல் கிறிஸ்டோபர் ஜான்ஸ்டன் விவரித்த கேள்வி உறுப்பு இருக்கிறது. பெண் கொசுவின் சிறகொலியை ஆண் கொசு கண்டறிவது அதனால்தான்.

நம் உடலிலும் இந்தப் பெயர்கள் பல இடங்களில் உண்டு. பெருமூளைக் காம்பும், சிறுமூளையை மூளைத்தண்டோடு இணைக்கும் மூன்று இணைக் காம்புகளும் நரம்பு நார்களின் தடித்த கற்றைகள். அவற்றின் வேலை தாங்குவதல்ல, செய்தியைக் கொண்டுசெல்வது. முதுகெலும்பின் ஒவ்வொரு முள்ளெலும்பிலும் உடற்பகுதியையும் வளைவையும் இணைக்கும் இரண்டு குட்டையான எலும்புத் துண்டுகளுக்குப் பெடிக்கிள் என்று பெயர். முதுகெலும்பு அறுவையில் திருகாணி செலுத்துவது அவற்றின் வழியாகத்தான். கடமானின் கொம்பு முளைக்கும் நெற்றியெலும்பு மேட்டுக்கும் அதே பெயர். கொம்பு விழுந்து மறுபடி முளைக்கும். மேடு அப்படியே நிற்கும்.

இனி உங்கள் பாட்டியின் அறிக்கை. பாலிப் என்பது குடலின் உட்சுவரிலிருந்து எழும் ஒரு திசு வளர்ச்சி. அது அகன்ற அடியோடு சுவரில் படிந்திருந்தால் காம்பிலி வகை. காளானைப் போல ஒடுங்கிய காம்பின் மேல் தலை தூக்கியிருந்தால் காம்புடைய வகை. 'பெடங்குலேட்டட்' என்ற சொல் அந்த வடிவத்தை மட்டுமே சொல்கிறது. அது புற்றுநோய் என்றோ, புற்றுநோய் இல்லை என்றோ அந்தச் சொல்லுக்குப் பொருள் கிடையாது. இந்தக் காம்பும் வளர்ச்சியைச் சுமப்பதோடு நிற்பதில்லை. சளிச்சவ்வும் அதன் அடித்திசுவும் இழுபட்டு உருவான அதற்குள் இரத்தக் குழாய்கள் செல்கின்றன. கொலனோஸ்கோப் வழியாகக் கம்பிக் கண்ணியை நுழைத்து, காம்பைச் சுற்றி இறுக்கி, மின்சூட்டால் அறுத்து எடுப்பது வழக்கம். பரந்து படிந்த பாலிப்பைவிடக் காம்புடையது பொதுவாக எளிதில் அகற்றக்கூடியது. காம்பு தடித்திருந்தால் குருதிக் கசிவைத் தடுக்க முன்னேற்பாடு செய்துகொள்வார்கள்.

அகற்றிய பாலிப்பை நோயியல் ஆய்வுக்கு அனுப்பும்போதுதான் காம்பின் முக்கியத்துவம் முழுமையாகத் தெரிகிறது. ஒருவேளை அதில் புற்றணுக்கள் இருந்தால், அவை தலையோடு நின்றனவா, கழுத்துவரை வந்தனவா, காம்புக்குள் இறங்கினவா, காம்பையும் தாண்டிக் குடல்சுவருக்குள் சென்றனவா என்று படிப்படியாகக் குறிப்பிடுவார்கள். ஹேகிட் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 1985-இல் வகுத்த அந்தப் படிநிலை இன்றும் பயன்பாட்டில் உள்ளது. ஆகவே, இந்த நோயியல் ஆய்வின் அறிக்கை கைக்கு வந்ததும் பாட்டியோடு நீங்களும் மருத்துவரைப் பாருங்கள். பாலிப் முழுவதுமாக அகற்றப்பட்டதா, காம்பின் வெட்டுமுகத்தைப் பற்றி நோயியல் ஆய்வு என்ன சொல்கிறது, அடுத்த பரிசோதனை எப்போது என்ற மூன்றையும் அவரிடம் நேரடியாகக் கேளுங்கள். பாட்டிக்குத் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டியவர் நீங்கள் என்பதால், விடைகளை அங்கேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.